மூக்கு மலைப் பக்கம்

நான் கட்டிய இடத்தை ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது, என் மாமனாரைத் தவிர.

எதிர்வீட்டு டெய்லர் குடும்பத்தோடு போய் நின்று படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டிவிட்டார். எங்கள் பேக்கரிக்கு மைதா கொண்டுவரும் வேன்காரர், மலையிறங்கும்போதெல்லாம் அங்கே நிறுத்திவிட்டுத்தான் வருவாராம். பக்கத்துத் தெரு டீச்சர் என்னைக் கண்டால் போதும், "உங்க வியூ பாயிண்ட்ல நேத்து என்ன கூட்டம்ங்கிறீங்க!" என்பார். அந்த 'உங்க'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருக்கும்.

மாமாவின் வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அந்த மலைச்சாலையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எத்தனை பெரிய அதிகாரி வந்து கைகுலுக்கினாலும், அந்தச் சாலையைப் பொறுத்தவரை மாமா "நல்லா இருக்கும்மா" என்று சொன்னால்தான் என் வேலை முடிந்ததாக அர்த்தம்.

நான் நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளர். மலையில் ஒரு பொல்லாத வளைவை நேராக்கியபோது, பழைய சாலை போன இடத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. வண்டிகள் ஒதுங்கி நிற்கவும் ஜனங்கள் இறங்கி மலையைப் பார்க்கவும் அங்கே ஒரு இடம் அமைக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. நான் தனியாக ஏற்று நடத்திய முதல் வேலை.

வரைபடம் போட உட்கார்ந்தபோது மாமா எப்போதோ சொன்ன ஒரு பதில்தான் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பிடும்போது பேச்சுக்காகக் கேட்டேன். "மாமா, அந்த வளைவுல நின்னு பாத்தா பள்ளத்தாக்கு எப்படி இருக்கும்?"

"பாறை எப்படி இருக்கும்னு கேளு, சொல்றேன். பள்ளத்தாக்கெல்லாம் டிக்கெட் எடுத்தவங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது மனதில் தைத்துவிட்டது. தினம் தினம் அந்த அழகை உரசிக்கொண்டு போய்வந்த மனிதர், அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையா?

அதனால் வண்டி நிற்கும் தளத்தை உயர்த்தினேன். ஜனங்கள் நடக்கிற பாதையை அதிலிருந்து இரண்டு படி தாழ்த்தி, அதன் ஓரத்தில் சுவர் எழுப்பினேன். பாதையில் நிற்பவருக்குச் சுவர் மார்பளவு வரும், குழந்தை எட்டி ஏற முடியாது. ஆனால் மேலே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது குறுக்கே வராது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எதிர்மலை முழுவதையும் பார்க்கலாம்.

"வண்டிக்குள்ளயே உக்காந்து பாக்கிறதுக்கு யாரும்மா மலை ஏறி வரப்போறா?" என்று என் மேலதிகாரி கேட்டார்.

"டிரைவர் சார்," என்றேன். விடாமல் நின்று கையெழுத்து வாங்கினேன்.

கடைசியில், அந்த டிரைவர்தான் வரமாட்டேன் என்கிறார். ஒரு ஞாயிறு முழங்கால் வலி. அடுத்த ஞாயிறு காரின் டயரில் காற்று கம்மி. அதற்கடுத்த ஞாயிறு வானம் பளிச்சென்று இருக்கும்போதே, "மேல மேகம் மூடியிருக்கும், ஒண்ணும் தெரியாது," என்றார். முந்தாநாள் வந்த மருமகள், தான் ஆண்ட சாலையில் போய்ச் சுவர் கட்டுகிறாளாக்கும் என்று மாமாவுக்கு இளக்காரம். இப்படித்தான் நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மாமாவுக்குக் காப்பி கொண்டுபோய் வைக்கும்போது டம்ளர் கொஞ்சம் சத்தமாகவே மேஜையில் உட்கார்ந்தது.

அந்தச் சத்தம் அத்தையின் காதில் விழுந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு காலை, நல்ல புடவை கட்டிக்கொண்டு கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"ஏங்க, கிளம்புங்க."

"எங்க?"

"மருமக கட்டினதைப் பாக்க."

"எனக்கு முழங்கால்..."

"முழங்கால் கார்லதான் வரப்போகுது."

"டயர்ல காத்து..."

"விடிஞ்சதும் உங்க பையன் போய் அடிச்சிட்டு வந்துட்டான். இன்னும் என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் மொத்தமா சொல்லிடுங்க. வெயில் ஏறதுக்குள்ள போயிரலாம்."

மாமா என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். என் கணவர் ஒன்றும் தெரியாத முகத்தோடு, பேக்கரியிலிருந்து கொண்டுவந்த பன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். மாமா பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டினார்.

அத்தைக்கு மலை வளைவு ஒத்துக்காது. முதல் வளைவிலேயே எலுமிச்சையை மூக்கில் வைத்தால், இறங்கும்வரை எடுக்க மாட்டார். பஸ் டிரைவரின் மனைவிக்கு பஸ் ஆகாது என்பது எங்கள் குடும்பத்தின் நிரந்தரக் கேலி. அவரும் நானும் பின்சீட்டில். என் கணவர் ஓட்ட, மாமா அவர் பக்கத்தில்.

ஓட்டியது என் கணவர் என்று பெயர்தான்.

"ஹாரன் அடி. வளைவுக்கு முன்னாடி அடிக்கணும், வளைஞ்சப்புறம் அடிச்சு யாரைக் கூப்பிடப் போற?"

"அடிச்சேன்பா."

"அது அடிச்ச மாதிரியா இருக்கு? இருமின மாதிரி இருக்கு. கியரைக் குறை."

"இப்பதான் மூணாவதுக்கு வந்தேன்."

"எதுக்கு வந்த? ரெண்டாவதே போதும்."

"அப்பா, ரெண்டாவது கியர்லயே போனா நாளைக்குக் காலையிலதான் போய்ச் சேருவோம்."

"சேருவோமில்ல? அதுதான் முக்கியம்."

டிப்போவில் மாமாவுக்கு 'செகண்ட் கியர்' என்று பட்டப்பெயர். மலையேற்றம், இறக்கம் எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு கியர்தான். எதிரே வண்டி வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை அவர் வலது கால் மிதித்தது. கால்மிதியடி நசுங்கிப் போயிருந்தது. வழி நெடுக அவர் முகம் பாறைப் பக்கமே இருந்தது. "அதோ, அந்த விரிசல்ல எப்பவும் தண்ணி கசியும்," "இந்தப் பாறை ஒருதரம் பெயர்ந்து விழுந்துச்சு," என்று ஒவ்வொரு கல்லையும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் விரிந்து கிடந்த பள்ளத்தாக்கைப் பற்றி மூச்சில்லை. பார், வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் உள்ளுக்குள் புகைந்தேன்.

கடைசி வளைவு திரும்பியதும் என் இடம் வந்தது.

என் இடம். எத்தனை தடவை வந்தாலும் அந்தத் திருப்பத்தில் எனக்கு முதுகு தானாக நிமிரும். சாம்பல் நிறக் கற்சுவர் மலையின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி வளைந்து போனது. தளத்தில் நாலைந்து கார்கள். சுவரோரம் குழந்தைகளின் சத்தம். ஒருவர் தன் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்தபடியே கதவைத் திறந்துவிட்டு, எதிர்மலையைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டிக் கேட்டார். நான் கணவரின் தோளைத் தட்டி அதைக் காட்டினேன்.

அவர் சந்தோஷமாக வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"டேய், டேய்! எங்க போற?" மாமா ஸ்டியரிங்கிலேயே கைவைத்துவிட்டார். "மூக்கை மலைப் பக்கம் வை!"

"அப்பா, காட்சி இந்தப் பக்கம்."

"மலைரோட்டுல நிறுத்தினா மூக்கு பாறையைப் பாத்துத்தான் இருக்கணும். பிரேக் விட்டுதுன்னா பாறையில போய் இடிச்சு நிக்கும். இந்தப் பக்கம் வச்சா எங்க போய் நிக்கும்? கீழ் ஊர்ல. திருப்புடா."

முப்பத்தைந்து வயது ஆள், இரண்டு பேக்கரிக்கு முதலாளி. அப்பா 'திருப்புடா' என்றதும் திருப்பிவிட்டார். நாங்கள் நால்வரும் கண்ணாடி வழியாக ஈரப் பாறையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் சுவர், என் பள்ளத்தாக்கு, என் எதிர்மலை எல்லாம் முதுகுக்குப் பின்னால்.

"நல்ல காட்சி," என்றார் அத்தை, எலுமிச்சையை எடுக்காமலே. "பாசி கூட இருக்கு."

மாமா இறங்கினார். இறங்கியவுடன் பழைய வழக்கப்படி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து புறங்கையை நீட்டிச் சூடு பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு பாறையடியில் ஓடிய வாய்க்காலை எட்டிப் பார்த்து, "தண்ணி நிக்காது," என்றார். அவ்வளவுதான். அது பாராட்டா, தகவலா என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அந்த நேரத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து தளத்தில் ஏறியது. நேரே வந்து எங்கள் காருக்குப் பக்கத்தில், பாறையில் மூக்கு படாத குறையாக நின்றது. பயணிகள் திபுதிபுவென்று இறங்கிச் சுவரைப் பார்த்து ஓடினார்கள். வாட்டசாட்டமான இளம் டிரைவர் ஒருவர் குதித்து இறங்கி, சக்கரங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர் மாமாவைக் கண்டு அப்படியே நின்றார்.

"செகண்ட் கியர் அண்ணே! நீங்களா?"

"நானேதான். பிரேக் டிரம் என்ன இப்படிச் சுடுது? மூணாவதுல இறக்கினியா?"

"அண்ணே, ரிட்டையர் ஆனப்புறமும் விட மாட்டீங்களா?"

இருவரும் பாறை நிழலில் சாய்ந்து நின்று பிரேக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாமா மட்டுமா? இந்தப் பையனும் அப்படித்தானே நிறுத்தினான்! யாருக்காகத் தளத்தை உயர்த்தினேனோ, யாருக்காக மேலதிகாரியிடம் மல்லுக்கு நின்றேனோ, அந்த டிரைவர்கள் எல்லோரும் என் காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா நிற்கிறார்கள்?

விறுவிறுவென்று படியிறங்கிச் சுவரருகே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை வாசனை வந்தது. அத்தை.

"கோவமா?"

"இல்லத்தை."

"டம்ளரை வைக்கிற சத்தத்துல தெரியுதே." அத்தை சுவரில் கையூன்றிக் கீழே எட்டிப் பார்த்தார். அவருக்கு வளைவுதான் ஆகாது, ஆழம் ஒன்றும் செய்யாது. "அம்மாடி, எவ்வளவு ஆழம்! சரி, ஒண்ணு கேக்கிறேன். உன் மாமா மொட்டை மாடி ஓரத்துல நின்னு என்னைக்காவது பாத்திருக்கியா?"

யோசித்தேன். மழை வந்தால் மாடியில் காயும் துணியை எடுக்க, கீழே நின்றுதான் எங்களைக் கூப்பிடுவார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரும். ஒரு பல்பு மாற்றுவதென்றால்கூட மகன் கடையிலிருந்து வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

"உசரம்னா அவருக்கு ஆகாது. ஓரத்துல நின்னு எட்டிப் பாத்தாருன்னா காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடும்."

"என்னத்தை சொல்றீங்க? மலையில பஸ் ஓட்டினவருக்கா?"

"மெதுவா பேசு. உன் புருசனுக்கே தெரியாது." அத்தை பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இந்த ரூட்டுல போட்ட முதல் நாள். வீட்டுக்கு வந்து யூனிஃபார்மைக் கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு. 'கீழ பாத்துட்டேன். இனிமே என்னால முடியாது'ன்னாரு. இவன் அப்ப என் வயித்துல. நானும், சரி போகாதீங்க, வேற வேலை பாத்துக்கலாம்னுட்டேன். மறுநாள் எழுந்து பாக்கிறேன், குளிச்சு முடிச்சு நிக்கிறாரு. 'பள்ளத்தைப் பாத்தாத்தானே பயம்? நான் பாறையைப் பாத்துக்கிறேன்'னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது. மெதுவா போறாருன்னு கேலி பண்ணாங்க, பேரு வச்சாங்க. வச்சிக்கட்டும்னு விட்டுட்டாரு. வண்டியில ஏறின ஒரு உசுருக்கு ஒரு கீறல் இல்ல, தெரியுமா?"

அத்தை எலுமிச்சையைக் கையில் உருட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு மினுமினுப்பு.

"பயமே தெரியாதவன் ஓட்டிட்டுப் போறது பெரிசா? இவரு தினமும் பயந்துக்கிட்டே போயிட்டு, சிரிச்ச முகமா வந்து காப்பி கேப்பாரு. வேற எவ புருசன் அப்படி இருந்தான், சொல்லு."

நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பு அங்கேயே கிழிந்தது. இளக்காரமாவது, ஒன்றாவது! தள்ளி நின்று பிரேக் டிரம்மைப் பற்றிக் கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த அந்த நரைத்த தலையைப் பார்த்தேன். இவர் வீட்டு மருமகள் நான் என்று முதல் தடவையாகக் கர்வம் வந்தது.

கூடவே இன்னொன்றும் தோன்றியது.

"அத்தை, வண்டிக்குள்ள உக்காந்து பாத்தா ஆழம் தெரியாது."

"என்னது?"

"தளம் உயரமில்ல? நடைபாதையும் சுவரும் சேர்ந்து ஓரத்தை மறைச்சிரும். எதிர்மலையும், அதுல போற நம்ம ரோடும்தான் கண்ணுக்கு வரும். எட்டிப் பாக்கிற வேலையே இல்ல. அந்த மாதிரிதான் வச்சிருக்கேன்."

அத்தை என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப போய்ச் சொல்லேன்."

"எப்படிச் சொல்வேன்? விஷயம் தெரிஞ்சு போச்சுன்னு ஆயிடுமே. அதுவுமில்லாம, அவரு மூக்கை இந்தப் பக்கம் வைக்கவே மாட்டாரே."

"அது சரி. அவரை யாரு திருப்புறது," என்று அத்தை படியேறினார். நானும் பின்னால் ஏறினேன். மேல்படியில் அவர் புடவை தடுக்கியது. நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். எலுமிச்சை மட்டும் கையிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்தது.

விழுந்தது சுவர்ப் பக்கத்து ஓரத்தில். ஆனால் உருண்டது எதிர்த்திசையில். வெள்ளைக் கோடுகளைத் தாண்டி, ஒரு காருக்கு அடியில் புகுந்து வெளியே வந்து, நிதானமாக மாமாவின் செருப்பில் போய் முட்டி நின்றது.

மாமா குனிந்து எடுத்தார். பழத்தைப் பார்த்தார். அது வந்த வழியைப் பார்த்தார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடியே தளத்தின் நடுவரைக்கும் நடந்து வந்தார். எலுமிச்சையைச் சுவரைப் பார்க்க உருட்டிவிட்டார். அது கொஞ்ச தூரம் போய், தயங்கி, திரும்பி, அவர் காலடிக்கே வந்தது. மறுபடி உருட்டினார். மறுபடி வந்தது.

"அண்ணே, என்னண்ணே பண்றீங்க?" என்று இளம் டிரைவர் சிரித்தார்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாரும்மா சரிவை இந்தப் பக்கம் வச்சது?"

"நான்தான் மாமா."

"பாறைப் பக்கமாவா?"

"ஆமா. மழைத்தண்ணி வாய்க்காலுக்குப் போகணும்னு காரணம் எழுதினேன். ஆனா நினைச்சது வண்டியைத்தான். சுவரைப் பாத்து நிறுத்தின வண்டிக்கு பிரேக் விட்டுப்போச்சுன்னாலும், அது முன்னாடி போகாது. பின்னாடிதான் உருளும். பாறைகிட்ட போய் நின்னுடும்."

மாமா வாயை மூடிக்கொண்டு மூக்கால் நீளமாக மூச்சு விட்டார். பாறையில் மூக்கை வைத்து நின்ற எங்கள் காரைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"அப்பா," என்று என் கணவர் பன்னை மென்றுகொண்டே ஆரம்பித்தார், "அப்ப நான் முதல்லயே நிறுத்தினது..."

"நீ சாவியைக் குடு."

மாமா வண்டி ஓட்டி வருடக்கணக்கில் ஆகிறது. சாவியை வாங்கிக்கொண்டு, எலுமிச்சையை அத்தையிடம் நீட்டினார். அத்தை என்னை முன்சீட்டில் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். என் கணவர் பன் பொட்டலத்தோடு வெளியே நின்று வாய்பிளந்தார். மாமா காரைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, முதல் கியரில் அங்குலம் அங்குலமாகச் சுவரைப் பார்த்து நகர்த்தினார். கண் இரண்டும் வண்டியின் மூக்கிலேயே இருந்தன. நெற்றியில் வியர்வை.

நான் எதிரே பார்த்துக்கொண்டு, அலுவலகத்தில் பேசுகிற குரலில் சொன்னேன். "இங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு ஓரம் தெரியாது மாமா. சுவர் மறைச்சுக்கும். நேரா பாக்கிறது மட்டும்தான் தெரியும்."

மாமா மேலே இருந்த கண்ணாடியில் அத்தையைப் பார்த்தார். அத்தை எலுமிச்சையை மும்முரமாக மோந்துகொண்டிருந்தார்.

வண்டி நின்றது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பிறகு, கை பிரேக்கை மெல்லத் தளர்த்தினார். என் கணக்கு சரியென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நொடியில் அத்தனை கணக்கும் அந்த ஒரு பிரேக்கில் தொங்கியது.

கார் ஒரு முழம் பின்னால் போயிற்று. குழந்தையை மடிக்கு இழுத்துக்கொள்வதைப்போல.

மாமா பிரேக்கைப் போட்டார். 'ஹ' என்று ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகுதான் அவர் கண் வண்டியின் மூக்கைவிட்டு மேலே ஏறியது.

எதிர்மலை முழுவதும் வெயிலில் கிடந்தது. அதன் உடம்பில், அடியிலிருந்து உச்சிவரை, மடிந்து மடிந்து ஒரு சாலை ஏறியது. மரங்களுக்குள் மறைந்தது, வெளியே வந்தது, பாறையைச் சுற்றியது, மறுபடி மறைந்தது. அதில் ஒரு பஸ் எறும்பு மாதிரி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

"அது எந்த ரோடு?" என்றார் மாமா.

"உங்க ரோடுதான் மாமா. நாம இப்ப அதுல ஏறித்தான் இந்த மலைக்குச் சுத்தி வந்தோம்."

அவர் முன்கண்ணாடி வரைக்கும் குனிந்து பார்த்தார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. வளைவுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தார். "அங்கதான் தண்ணி கசியும்... அது பாறை பெயர்ந்த இடம்... அடேயப்பா, அந்த வளைவு இப்படியா தொங்குது?" அந்த எறும்பு பஸ் ஒரு வளைவில் நின்று, எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு, மறுபடி நகர்ந்தது. அது வளைவைக் கடக்கும்வரை மாமாவின் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

பஸ் மரங்களுக்குள் மறைந்ததும், யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னார். "நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்."

பின்சீட்டில் அத்தை எலுமிச்சையை மோப்பதை நிறுத்திவிட்டார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பார்க்கவில்லை.

மாமா என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. என் தலையில் கைவைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பாறைப் பக்கம் பார்த்து உரக்கக் கத்தினார்.

"டேய் தம்பி! வண்டியைத் திருப்பி இங்க கொண்டுவந்து நிறுத்து!"

"அண்ணே, மூக்கு மலைப் பக்கம்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானேண்ணே!"

"அது அப்ப. இது என் மருமக கட்டினது. பிரேக் விட்டாலும் பின்னாடிதான் போகும். சந்தேகமா இருந்தா எலுமிச்சம்பழம் வேணுமா?"

தளத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் நின்ற பயணிகளில் ஒரு அம்மா, "எது, இதைக் கட்டினது நீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார். "பின்ன? இவளேதான். அந்தப் படி, இந்தச் சரிவு, சுவரு, எல்லாம். மேலதிகாரி கூடச் சண்டை போட்டுக் கட்டியிருக்கா." இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் நான் கணவரிடம் புலம்பியபோது, செய்தித்தாளை முகத்துக்கு முன் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறார்.

பஸ் பின்வாங்கித் திரும்பியது. அவ்வளவு பெரிய வண்டியைச் சுவர்ப் பக்கம் கொண்டுவர முன்னால் ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும். மாமா விடுவிடுவென்று இரண்டு படி இறங்கி, சுவரில் முதுகை வைத்து நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். "வா, வா... இடது ஒடி... இன்னும் வா... போதும்!"

அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தார். மாமா நிற்கிற இடம் மாமாவுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

"ஏங்க," என்று அத்தை மெதுவாகக் குரல் கொடுத்தார், "திரும்பிக் கிரும்பிப் பாத்துராதீங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் மாமா. சுவரின் மேல்கல்லை ஒரு கையால் நன்றாகப் பற்றிக்கொண்டு, மறு கையால் அதைத் தட்டினார், மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல. "கல்லு உறுதியாத்தான் இருக்கு. நல்லா இருக்கும்மா."

பஸ் எஞ்சின் அடங்கியது. இளம் டிரைவர் வழக்கம்போல் குதித்திறங்கிச் சக்கரத்தைத் தொடப் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, மோவாயைக் கைகளில் வைத்துக்கொண்டு, என் சுவருக்கு மேலே தெரிந்ததை அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடத்துனர் போய்ப் பக்கவாட்டில் தட்டி, "என்னப்பா, டீ வேணாமா?" என்றார்.

"இரு," என்றார் டிரைவர். "பாத்துட்டு வர்றேன்."